பேச்சுப் போன எனக்குப் பாட்டு வந்த நாள்

“…மாமாகிட்ட புள்ளைய விட்டுட்டு வாரது லேசுதான் சொர்ணக்கா. ஆனா புள்ளைக்கு அவுக காவலா, அவுகளுக்குப் புள்ள காவலா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

இப்படிக் கேட்டவள் என் மருமகள் தங்கம். வாசலில் நின்று பக்கத்து வீட்டுச் சொர்ணத்திடம் கேட்டாள். நான் உள்ளே கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். பேச்சுப் போனவனுக்குக் காதும் போயிருக்கும் என்று மனிதர்கள் எப்படியோ நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்டது. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை, பொல்லாப்பும் இல்லை. அதனால்தான் அத்தனை வலித்தது.

சகோதர சகோதரிகளே, கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லும் முன்னே நான் எப்படி இருந்தவன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எதை இழந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

பாளையம்பட்டியில் குடியிருந்துகொண்டு, சைக்கிளில் சேலை மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றவன் நான். எல்லாம் அருப்புக்கோட்டைத் தறிச் சேலை. காரியாபட்டிப் பக்கம் ஒரு நாள், திருச்சுழிப் பக்கம் ஒரு நாள் என்று போவேன். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தே படிக்கக் கற்றுக்கொண்டேன். மிச்சப் படிப்பெல்லாம் வீட்டு வாசல்களில் பெண்கள் பேசக் கேட்ட படிப்புத்தான். ஒரு நல்ல வார்த்தை காதில் விழுந்துவிட்டால் அன்று யாவாரம் ஆகாவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை. காரியாபட்டியில் ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: “ஒஞ் சேல சாயம் போனாலும் போகும்யா, ஒம் பேச்சு சாயம் போகாது.” இன்னொரு ஊரில் ஒருத்தி, நெடுநேரம் என்னைப் பேசவிட்டு, கடைசியில் ஒன்றும் வாங்காமல் எழுந்துகொண்டு, “எம் புருசன் இதுல பாதி பேசியிருந்தான்னா அவனுக்கே ஒரு சேல எடுத்துக் குடுத்திருப்பேன்” என்றாள். அதையும் வாங்கி மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவன் நான். வாய்தான் எனக்குக் கைமுதல். ஜெபக்கூட்டத்தில்கூட நான் எழுந்தால், “சுருக்கமா ஜெபிங்க அண்ணாச்சி, வீட்டுல அடுப்புல ஒலை கெடக்கு” என்று பெண்கள் பக்கமிருந்து குரல் வரும்.

1967-ஆம் வருஷம் ஆவணி மாதம். குமாரலிங்கபுரத்தில் ஒரு வீட்டு முன்னால் சேலையை விரித்துப் போட்டு, ‘இந்தக் கரையைப் பாருங்க தாயி’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘இந்த’ வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் ‘இந்த’ என்றேன். வாய் ஒரு பக்கம் இழுத்தது. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் எப்போதும் எதையாவது நடித்துக் காட்டுகிறவன்தானே, இதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். நான் சேலையின் மேலேயே சரிந்து விழுந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

வலது கை போயிற்று. வலது கால் இழுத்துக்கொண்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்து வெளியே வந்தபோது என் வாயில் மிஞ்சியிருந்தது அந்த ஒரே வார்த்தைதான். தண்ணீர் கேட்டாலும் ‘இந்த.’ வலிக்கிறது என்றாலும் ‘இந்த.’ கர்த்தாவே என்று கூப்பிட நினைத்தாலும் ‘இந்த.’ உள்ளே எல்லா வார்த்தையும் வரிசையாக நிற்கிறது. வாசலைத் தாண்டி ஒன்றும் வெளியே வரமாட்டேன் என்கிறது.

என் மனைவி அதற்கு முன்பே கர்த்தருக்குள் போய்விட்டாள். அதனால் மகன் இஸ்ரவேல் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். திருச்சுழிக்குப் பக்கத்தில், குண்டாற்றங்கரையில் சின்ன ஊர். அவன் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு போனால் ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துத்தான் வீடு. வீட்டில் இருந்தது தங்கம், அவள் மகள் சலோமி, நான். தங்கம் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கஞ்சியைத் தட்டில் ஊற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவாள். மாமனாரை மருமகள் தொட்டுத் தூக்குகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. குளிப்பாட்டச் சொர்ணத்தின் புருஷன் வருவார். அவரும் நல்ல மனுஷர். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். மாட்டைக் குளிப்பாட்டினாலும் “ஹேய், திரும்பு” என்பார்கள். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

முகத்தில் ஈ உட்காரும். வலது பக்கம் உட்கார்ந்தால் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்தால் ஓட்டுவேன். அதுதான் ஒரு நாளில் நான் செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தடியை ஊன்றி இழுத்துக்கொண்டு போவேன். எல்லாரும் ஆமென் சொல்லும்போது நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். திறந்தால் ‘இந்த’ என்று வரும். பிள்ளைகள் சிரிக்கும்.

என் ஜெபம் சுருங்கிப்போனது. ‘என்னை எடுத்துக்கொள்ளும்.’ அவ்வளவுதான். காலையில் அது. மத்தியானம் அது. யாருக்கும் ஆகாதவனை எதற்கு வைத்திருக்கிறீர் என்று கேட்டுக் கேட்டு, கேள்வியும் தேய்ந்துபோனது. பதில் வரவில்லை.

சலோமியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது இடது காலும் தொங்கிப்போயிற்று. இளம்பிள்ளைவாதம் என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பெரிய டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வளர வளரப் பார்ப்போம்” என்றாராம். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று தங்கத்துக்கு வழி நெடுக பஸ்ஸில் புரியவே இல்லை. நாலு வயதிலும் அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்து நகர்ந்துதான் போகும்.

தரையில் நகர்கிற பிள்ளைக்குக் கட்டிலில் கிடக்கிற தாத்தாவின் முகம்தான் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அந்த வீட்டில், அந்த ஊரில், என்னோடு பேசினது அவள் மட்டும்தான். எனக்கு அவள் வைத்த பெயர் ‘இந்தத் தாத்தா.’ நான் ‘இந்த’ என்றால், குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்பாள். “அம்மா, தாத்தா கஞ்சி கேக்குறாக!” என்று உள்ளே பார்த்துக் கூவுவாள். பாதி நாள் சரியாக இருக்கும். பாதி நாள் தண்ணீர் கேட்டால் சீப்பு வரும். சீப்பு வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். என்ன கேட்கிறேன் என்று யோசித்துப் பார்க்க ஒரு ஜீவன் இருந்ததே.

இப்படி இருக்கும்போதுதான் சொர்ணம் ஒரு யோசனை சொன்னாள். சொர்ணம் நம் சபையைச் சேர்ந்தவள் இல்லை, அய்யனாரைக் கும்பிடுகிறவள். ஆனால் தங்கத்துக்கு மூத்த அக்காளைவிட மேல். நடக்கத் தாமதப்படுகிற பிள்ளைகளை ஆற்று மணலில் குழி தோண்டி, இடுப்பு வரை நிற்கவைத்து, மணலைத் தள்ளி மூடிவிடுவது எங்கள் பக்கத்தில் பழக்கம். மணல் நாலு பக்கமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். விழ வழியில்லாமல் பிள்ளை நிற்கும். நின்று நின்று கால் ஊன்றும் என்று நம்பிக்கை.

“தெனம் ஊத்துக்குத் தண்ணிக்குப் போறோமுல்ல, போற வழியில புள்ளைய மணல்ல நிப்பாட்டிட்டுப் போவோம். தண்ணி எடுத்துட்டு வரும்போது தூக்கிக்கிருவோம்” என்றாள் சொர்ணம்.

ஊற்று என்றால் ஆற்று மணலில் தோண்டிய குழி. அதில் கசிகிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மோந்து குடத்தில் ஊற்றவேண்டும். ஒரு குடம் நிறைய எத்தனை நேரம் ஆகும் என்று கசிவைக் கேட்டால்தான் தெரியும். அதுவரை பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரவேண்டும். வீட்டில் மிச்சம் இருந்த ஆள் நான்தான். அப்போதுதான் தங்கம் கேட்டாள், யாருக்கு யார் காவல் என்று.

சொர்ணம் சொன்னாள்: “ஒருத்தருக்கொருத்தரு காவலா இருக்கட்டும்டி. வேற யாரு இருக்கா?”

மறுநாளில் இருந்து போனோம். நான் தடியை ஊன்றிக் காலை இழுத்துக்கொண்டு முன்னால் கிளம்பிவிடுவேன். தங்கம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடத்தோடு பின்னால் வந்து என்னைத் தாண்டிப் போவாள். ஆற்றின் நடுவில்தான் மணல் ஆழம். மேலே வெந்து கிடந்தாலும் கீழே கொஞ்சம் ஈரம் இருக்கும், குழி சரியாது. அங்கே தோண்டிப் பிள்ளையை நிற்கவைத்து, மணலைத் தள்ளிக் கையால் தட்டி இறுக்கிவிட்டு, “தாத்தா பக்கத்துலேயே இருக்கணும்” என்று சொல்லுவாள். அது எனக்குச் சொன்னதா பிள்ளைக்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. பிறகு பெண்களோடு கீழே, ஆறு வளைகிற இடத்துக்கு அப்பால் இருந்த ஊற்றுக்குப் போய்விடுவாள்.

சலோமி மணலில் நின்றுகொண்டு பாடுவாள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற ஒரு சின்னப் பாட்டு. முதல் அடி நன்றாக வரும். இரண்டாவது அடியில் நிற்பாள். தினமும் அதே இடம். “அப்புறம் என்ன தாத்தா?” என்பாள். எனக்குத் தெரியும். நான் வாலிபனாக இருந்தபோதே பாடின பாட்டு. வாயைத் திறந்தால் ‘இந்த’ வரும். ஒரு நாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒங்களுக்குத் தெரியும். வேணும்னே சொல்ல மாட்டேங்கிறீக” என்று மணலை வாரி என் மேல் எறிந்தாள். அன்று நான் வீடு வரும்வரை அழுதேன். கண்ணில் மணல் என்று தங்கம் நினைத்துக்கொண்டாள்.

1969, ஐப்பசி மாதம். மூன்று வருஷமாக அந்த ஆற்றில் தண்ணீர் ஓடவில்லை. கண்மாயும் வறண்டு வெடித்துக் கிடந்தது. அன்றைக்கு எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார், மழைக்காகக் கோயிலில் உபவாச ஜெபம் வைத்திருந்தார். சபை முழுக்க அங்கே இருந்தது. தங்கமும் போயிருப்பாள். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை, ஊற்றில் அவள் முறை தப்பிப்போகும் என்று ஆற்றுக்கு வந்தாள்.

வழியில் சொர்ணம் மேற்கே கையை நீட்டிக் காட்டினாள். “அங்க பாருடி, எப்படிக் கருத்துக் கெடக்குன்னு! மின்னுது பாரு! ஒங்க சாமியோ எங்க சாமியோ, யாராச்சும் ஒருத்தரு கண்ணத் தொறந்துட்டாக.” எல்லாரும் நின்று பார்த்தோம். எல்லார் முகத்திலும் சிரிப்பு. நானும் பார்த்தேன். எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது.

மழைக்கு ஏங்குகிற ஊர் செய்கிற தப்பு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். மேகத்தைக் கண்டால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். காலுக்குக் கீழே இருப்பது ஆறு என்ற நினைப்பே வராது. மூன்று வருஷத்தில் அது எங்களுக்கு மணல் மேடு ஆகியிருந்தது. மிளகாய் வற்றல் காயப்போடுகிற இடம், ஆடு படுக்கிற இடம், பிள்ளையை நிற்கவைக்கிற இடம். மேற்கே மலையில் பெய்தால் நம் தலையில் ஒரு சொட்டு விழாமலே ஆறு வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தும் அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வழக்கம்போலத் தங்கம் பிள்ளையை இடுப்பு வரை புதைத்து நிற்கவைத்தாள். வழக்கம்போல ஊற்றுக்குப் போனாள்.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த பனையோலையைத் தரையில் இழுத்துக்கொண்டு வருவதுபோல. திரும்பிப் பார்த்தேன். மணல் மேல் அழுக்கு நுரை ஒன்று ஊர்ந்து வந்தது. நுரையில் சருகு, ஆட்டுப் புழுக்கை, முள். நிதானமாக, வழி கேட்டுக்கொண்டு வருகிற விருந்தாளி மாதிரி வந்தது. என் கால்விரலைத் தொட்டது. வெதுவெதுவென்று இருந்தது.

சலோமி கைகொட்டினாள். “தாத்தா, தண்ணி! தண்ணி வருது!”

அவள் இடுப்பு வரை மணலுக்குள் இருந்தாள்.

குப்புற விழுந்து இடது கையால் மணலைத் தோண்டினேன். ஒரு கை அள்ளினால் இரண்டு கை சரிந்து உள்ளே விழுந்தது. தண்ணீர் பட்ட மணல் பிள்ளையைச் சுற்றி இன்னும் இறுகியது. அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தேன். “வலிக்குது தாத்தா” என்றாள். ஒரு கை, அதுவும் பழக்கமில்லாத கை. ஊற்றுப் பக்கம் திரும்பிக் கத்தினேன். ‘இந்த! இந்த!’ அது கத்தல்கூட இல்லை. தொண்டையில் இருந்து ஒரு காற்று, அவ்வளவுதான். வளைவுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்கு எப்படிக் கேட்கும்? ஓடிப்போய்ச் சொல்லவும் முடியாது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பெண்களும் ஆற்றுக்குள்தான் இருந்தார்கள்.

சபையாரே, நான் எத்தனையோ நாள் சாவைக் கேட்டவன். அன்று சாவு தானாக நடந்து வந்தது, என்னிடம் அல்ல, பிள்ளையிடம். அங்கே கோயிலில் என் சபை முழங்காலில் நின்று தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கர்த்தர் கொடுத்துவிட்டார். இங்கே நான் அந்தத் தண்ணீரை நிறுத்தும் என்று கேட்கிறேன். எந்த ஜெபத்தை அவர் கேட்பார்? எனக்கு அப்போது யோசிக்கத் தெரியவில்லை. ஜெபத்தில் வார்த்தை இல்லை. வார்த்தை எதுவும் இல்லாத மனிதன் வார்த்தை இல்லாமலே ஆண்டவர் முன்னால் விழுந்து கிடந்தேன். அப்படி ஒரு ஜெபத்தை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

தண்ணீர் முழங்கை அளவு ஏறியது. நான் பிள்ளைக்கு மேற்கே, ஓட்டத்துக்குக் குறுக்கே, மரத்துப்போன வலது பக்கத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துப் படுத்தேன். அந்தப் பக்கம் முள் குத்தினாலும் கட்டை இடித்தாலும் தெரியாது. வரப்பு மாதிரிக் கிடந்தேன். இடது கையால் பிள்ளையை வளைத்துக்கொண்டேன். ஓட்டம் என்னை இடித்து இரண்டாகப் பிரிந்து போயிற்று. கொஞ்ச நேரம்தான் இது தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

சலோமிக்கு இப்போது பயம் வந்துவிட்டது. சிரிப்பு நின்றது. பயம் வந்தால் பாடு என்று தங்கம் பிள்ளைக்குச் சொல்லியிருந்தாள்போலும். அழுதுகொண்டே பாட ஆரம்பித்தாள். முதல் அடி வந்தது. இரண்டாவது அடியில் நின்றாள். தினமும் நிற்கிற அதே இடம். என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரம். “அப்புறம் தாத்தா?” என்றாள்.

இரண்டாவது அடி என் வாயில் இருந்து வந்தது.

முழு அடி. வார்த்தை வார்த்தையாக. ராகத்தோடு.

எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார், பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மிஞ்சும் என்று. பேச்சு ஒரு அறையில், பாட்டு வேறு அறையில் இருக்குமாம். இருக்கட்டும். பூட்டிக் கிடந்த அந்த அறையின் கதவை அந்த நேரத்தில் திறந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது அடியும் வந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் போய்விடும் என்று பயம். சேலை மூட்டையோடு தெருத் தெருவாகக் கூவி விற்ற குரல் அது. இரண்டு வருஷம் உள்ளே கிடந்த குரல். அத்தனையையும் திறந்து பாடினேன். பிள்ளையும் சேர்ந்து பாடினாள். காற்று மேற்கில் இருந்து அடித்தது. குரலை ஊற்றுப் பக்கம் கொண்டுபோயிற்று.

அங்கே நடந்ததைச் சொர்ணம் பிறகு ஊருக்கெல்லாம் சொல்லிக் காட்டுவாள். தங்கம் குனிந்து சிரட்டையால் மோந்துகொண்டிருந்தாளாம். சொர்ணம்தான் முதலில் கேட்டாள். “அடியே, ஆம்பளக் கொரலு! யாரு பாடுறது ஆத்துக்குள்ள?”

“யாராச்சும் ஆடு மேய்க்கிறவுக பாடுவாக.”

“ஆடு மேய்க்கிறவுக ஒங்க கோயில் பாட்டா பாடுறாக? நல்லாக் கேளுடி. ஒம் மாமனாரு மாதிரி இருக்கு!”

தங்கம் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆபத்து என்று நினைத்து அவள் வரவில்லை. ஊமை பாடுகிறார் என்ற ஆச்சரியத்தில், அதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற சந்தோஷத்தில் ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டே வளைவைத் திரும்பினாள். மற்றப் பெண்களும் பின்னால் வந்தார்கள். திரும்பிய பிறகுதான் ஆற்றைப் பார்த்தார்கள்.

அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எல்லாரும் தண்ணீருக்குள் விழுந்து தோண்டினார்கள். எத்தனை கை என்று தெரியாது. ஒரு இழுப்பில் பிள்ளை வேரோடு பிடுங்கின மாதிரி வந்துவிட்டாள். ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினாள். நான் கிடந்த இடத்திலேயே கிடந்தேன். என்னால் எழ முடியாது. பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாள், இனி என்னை விட்டுவிடுங்கள் என்றுதான் நினைத்தேன். தங்கம் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். தொடுவதா வேண்டாமா என்று அந்த நேரத்திலும் அவள் கை தயங்கியது.

“மாமனாரத் தொடக்கூடாதுன்னு பாத்துக்கிட்டு நின்னேன்னா இன்னைக்கு ஒனக்கு மாமனாரே இல்லடி! தூக்குடி அங்கிட்டு!” என்று சொர்ணம் கத்தினாள்.

தங்கம் குனிந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். மருமகளின் நெஞ்சு என் காதில் அடித்தது. இரண்டு பெண்களுமாக என்னை இழுத்துக் கரையேற்றிய கொஞ்ச நேரத்தில் நாங்கள் கிடந்த இடத்தில் ஒரு முழு வேலமரம் சுழன்றுகொண்டு போயிற்று. ஊற்று இருந்த இடம் தெரியவில்லை. அவர்கள் அங்கேயே இருந்திருந்தால் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. சொர்ணம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, “ஒங்க சாமி நல்ல பாட்டுக்காரருதான்” என்றாள்.

அப்போது கோயிலில் இருந்து சனம் ஓடிவந்தது. “ஆறு வந்துருச்சு! ஆறு வந்துருச்சு!” என்று குலவை போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் எங்களைப் பார்த்து நின்றார்கள். உபதேசியார் ஆற்றையும் பார்த்தார், ஈரத்தோடு கிடந்த பிள்ளையையும் பார்த்தார். அவருக்கு ஜெபிக்க வரவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் முழுசாகச் சுகமானேன் என்று எழுதினால் அது பொய். என் கை அப்படியே இருக்கிறது. இதை இடது கையால்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. சலோமியின் காலும் அப்படியே இருக்கிறது. ஆனால் முழங்காலில் கையை ஊன்றி அழுத்தி அழுத்தி இப்போது தானாக நடக்கிறாள். மணல் செய்ததா, வளர்த்தி செய்ததா, எனக்குத் தெரியாது. இன்னும் ஏன் முழுதும் தரவில்லை என்று சில காலை நேரங்களில் கர்த்தரிடம் கேட்கத்தான் செய்கிறேன். அதற்கும் பதில் வரவில்லை.

ஆனால் பாட்டு நின்றுபோகவில்லை. பேச்சு வராது, பாடினால் வரும். அதனால் கஞ்சி வேண்டும் என்பதைக் கீர்த்தனை ராகத்தில் பாடிக் கேட்டேன். தெருப் பிள்ளைகளுக்கு அதைவிட வேடிக்கை வேறு என்ன வேண்டும்? கட்டிலைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டார்கள். “தாத்தா, ‘மொளகா’ பாடுங்க. ‘பஸ்ஸு’ பாடுங்க.” சலோமி அவர்களுக்குத் தலைவி. நான் தப்பாகச் சொன்னால் “இல்ல, மறுபடி” என்பாள். இரக்கமே கிடையாது. பாட்டில் இருந்து ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்து, வெறும் பேச்சாக என்னிடம் திருப்பிக் கொடுத்தது அந்தப் பிள்ளைகள்தான். ஞாயிறு பள்ளியில் பாலர் வகுப்பில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அறுபது தாண்டிய கிழவன் பாயில், மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கைதட்ட முடியாமல் தொடையில் தட்டிக்கொண்டு பாடுகிறேன். என் வாழ்நாளில் நான் உட்கார்ந்த இடங்களில் எனக்கு ரொம்பப் பொருந்துகிற இடம் அதுதான். யாராவது ஒரு பிள்ளை பாதியில் மறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். அதற்காகத்தான் கர்த்தர் என்னை வைத்திருக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

வாசிக்கிறவர்களே, உங்களில் யாராவது கட்டிலில் கிடந்து, யாருக்கு என்னால் என்ன ஆகப்போகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் ஜெபம் ஒரே வார்த்தையாகத் தேய்ந்துபோயிருக்கலாம். அந்த வார்த்தைக்கும் அர்த்தம் இல்லாமல் போயிருக்கலாம். பரவாயில்லை. அதையே சொல்லுங்கள். அவருக்கு முழு வாக்கியம் தேவையில்லை. நான் சாவைக் கேட்டேன், அவர் பக்கத்தில் ஒரு பிள்ளையை வைத்தார். நான் அதைப் பதில் என்று கண்டுகொள்ளவே இரண்டு வருஷம் ஆயிற்று. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

தங்கத்தைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

போன வருஷம் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தான். தாய்வீட்டில் பிரசவம் முடிந்து, மூன்றாம் மாதம் பிள்ளையோடு எங்கள் ஊருக்கு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வீட்டில் சனம் கூடியிருந்தது. சொர்ணம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, “குடுடி எங்கிட்ட” என்று முன்னால் வந்தாள். தங்கம் கொடுக்கவில்லை. சொர்ணத்தைத் தாண்டி, என் மகனைத் தாண்டி, நான் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு வந்தாள்.

“மாமா, கைய நீட்டுங்க.”

ஒரு கைதான் தாயி, போட்டுவிடுவேன் தாயி என்று ராகத்தில் இழுத்தேன். அவள் கேட்கவில்லை. என் இடது கையை மடக்கி, அதில் பிள்ளையைக் கிடத்தினாள். தலையை என் முழங்கை மடிப்பில் வைத்து, ஒரு துணியை மடித்து முட்டுக்கொடுத்தாள்.

“வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நான் ஊத்துக்குப் போயிட்டு வாரேன்” என்றாள். சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்து, திரும்பிப் பார்க்காமல் ஆற்றைப் பார்க்க நடந்தாள்.